கூத்தையா வருகிறார், வீரையா வருக!

திரையில் மறுபடியும் வீரையாதான் வந்து நின்றார். 'வெல்கம் திரு வீரையா' என்று ஆங்கிலத்தில், கொட்டை கொட்டையான எழுத்தில்.

செவ்வந்தி தலையில் அடித்துக்கொண்டாள். திருவாடானைக்குப் பக்கத்தில் ஒரு தனியார் பாலிடெக்னிக்கில் அவள் கணினி ஆசிரியை. வேலை இன்னும் தற்காலிகம்தான். இன்று லினக்ஸ் கணினிக்கூடத்தின் திறப்பு விழா. சிறப்பு விருந்தினர் ஒரு விசையைத் தட்டியதும் அவர் பெயர் திரையில் ஓட வேண்டும். அது நல்லபடியாக நடந்தால் வேலையை நிரந்தரமாக்குவதாகத் தாளாளர் சேதுராமன் சொல்லியிருந்தார்.

நேற்று வரை விருந்தினர் வீரையா. அவர் பெயரைப் போட்டு வியாழக்கிழமை மாலையிலேயே நிரலை முடித்து வைத்திருந்தாள். இரவோடு இரவாக அவர் பின்வாங்கிவிட, அவருடைய பங்காளி கூத்தையா, "நான் வாரேன், கட்டடத்துக்கு இடமும் தாரேன்" என்று கிளம்பிவிட்டார். ஊர்க் கோயிலில் முதல் மரியாதை யாருக்கு என்று இருவருக்கும் வெட்டுப்பழி குத்துப்பழி. வீரையா பெயர் கூத்தையா கண்ணில் பட்டால் அவ்வளவுதான்.

செவ்வந்தி காலையில் வந்ததுமே பெயரை மாற்றிவிட்டாள். எழுதிய நிரலைக் கணினிக்குப் புரிகிற மாதிரி மாற்றுவதற்கு 'மேக்' என்று ஒரு கட்டளை. பயிற்சி வகுப்பில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது அது ஒன்றுதான். அதைத் தட்டினால் நீளமாக ஓர் எச்சரிக்கை ஓடியது. அதற்கடியில், 'எல்லாம் சரியாக இருக்கிறது, செய்வதற்கு ஒன்றுமில்லை' என்றது. எச்சரிக்கையையெல்லாம் யார் உட்கார்ந்து படிப்பது?

"என்னம்மா, ஆச்சா?" சேதுராமன் வாசலில் எட்டிப்பார்த்தார்.

"ஆயிரும் சார்."

"வெரசாப் பாரும்மா. கூத்தையா கெளம்பிட்டாராம்."

ஒருவேளை நிரலை மாற்றித் தருகிற மென்பொருளே இதில் இல்லையோ? நிறுவப்பட்ட மென்பொருள்களின் பட்டியலைக் கேட்டாள். வாக்காளர் பட்டியல் மாதிரி அது ஓடிக்கொண்டே இருந்தது. 'ஜிசிசி' என்று பெயர் சொல்லித் தேடியதும், இதோ இருக்கிறேன் என்று ஒரு வரி வந்தது.

இருந்துகொண்டா இந்தப் பாடு படுத்துகிறாய் என்று அதைப் பிடுங்கி எறிந்தாள். அது போகும்போது கூட்டாளிகளையும் கூட்டிக்கொண்டு போனது. குறுந்தகட்டைப் போட்டு மறுபடி நிறுவினால், 'அவன் வந்தால்தான் நான் வருவேன்' என்று ஒவ்வொன்றும் முரண்டு பிடித்தது. கல்யாண வீட்டுச் சம்பந்திகள் கெட்டார்கள். ஒருவழியாக எல்லாம் வந்து சேர்ந்தபோது படம் போட்ட வண்ணத் திரை காணாமல் போய், கறுப்பில் வெள்ளை எழுத்து மட்டும் மிஞ்சியிருந்தது.

மேக் தட்டினாள். செய்வதற்கு ஒன்றுமில்லை. வீரையா வருக.

இராமநாதபுரத்தில் கணினி வேலை பார்க்கும் தோழி பூமயிலுக்குப் போன் போட்டாள்.

"மேக் நேரத்தத்தான்டி பாக்கும். மாத்தி வச்சிருக்கிறதவிட நீ எழுதுனது புதுசா இருந்தாத்தான் மறுபடி மாத்தும்."

"இப்பத்தான்டி எழுதுனேன்! மை கூடக் காயல!"

"அப்பப் பழசத் தூக்கி அழிச்சிரு. வேற வழியில்லாம மாத்தித்தானே ஆகணும்?"

அருமையான யோசனை. பதற்றத்தில் செவ்வந்தி புதிதாக எழுதியதை அழித்துவிட்டாள். பழசு குத்துக்கல்லாட்டம் அப்படியே இருந்தது.

முதலிலிருந்து தட்டச்சு செய்தாள். இனி செத்தாலும் எதையும் அழிப்பதில்லை என்று சத்தியம் செய்துகொண்டு மேக் தட்டினாள். செய்வதற்கு ஒன்றுமில்லை. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

வாசலில் வேட்டுச் சத்தம். மாப்பிள்ளை மாதிரி மாலையும் கழுத்துமாகக் கூத்தையா உள்ளே வந்தார்.

"சார், ஒரு நிமிசம்..."

"எல்லாம் பெறகு பேசிக்கிருவோம்" என்று சேதுராமன் அவளை விலக்கி, விருந்தினரைக் கணினி முன் உட்கார வைத்தார். "இங்கன தட்டுங்கய்யா."

கூத்தையா தட்டினார். எழுத்துக் கூட்டிப் படித்தார். முகம் கறுத்தது. மாலையைக் கழற்றி விசைப்பலகை மேல் வீசினார்.

"கூப்பிட்டு வச்சு அவமானமா? இடமும் கெடையாது, ஒரு மண்ணும் கெடையாது! வெள்ளிக்கிழமை ராகு காலத்துல தொறந்தா வேற என்ன வெளங்கும்?"

சேதுராமன் செவ்வந்தியைப் பார்த்த பார்வையில் நிரந்தரம், தற்காலிகம் இரண்டுமே போய்விட்டது தெரிந்தது.

அலுவலக உதவியாளர் ராக்கப்பன் பதறிக்கொண்டு முன்னால் வந்தார்.

"அய்யா, ராகு காலம்னு மட்டும் சொல்லாதீக! இந்த மெசினுக்கு இன்னும் வியாழக்கிழமை காலைதான். விடிஞ்சதும் நாந்தான் தேதிய ஒரு நாள் திருப்பி வச்சேன்!"