தற்காலிகமாக இறங்கிய மிதிவண்டியாளர்கள்

நடந்து போகிறவர்களும் சாகக் கூடாது என்று அரசாங்கம் ஒருநாள் முடிவு செய்தது. நல்ல முடிவு. அதுவரை அப்படி ஒரு முடிவு இல்லாததால், நாங்கள் சொந்தப் பொறுப்பில்தான் உயிரோடு இருந்து வந்தோம்.

நாங்கள் என்றால், காந்தலிலிருந்து கற்பூரமரத்து ஏற்றம் வழியாகப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு நடத்திக் கூட்டிப் போகிற தாய்மார்கள். ஏற்றம் முக்கால் கிலோமீட்டர். ஒரு பக்கம் மலைச்சுவர், மறுபக்கம் மூடியில்லாத சாக்கடை. சாலைக்கும் சாக்கடைக்கும் நடுவில் இரண்டடி மண் ஓரம். அந்த இரண்டடியில்தான் நானும் என் மகள் பெனிட்டாவும் போவோம். அப்போது ஒன்றாம் வகுப்பு. என் வீட்டுக்காரர் சில்வஸ்டர் கோத்தகிரி பக்கம் ஒரு டீ ஃபேக்டரியில் கிளார்க். விடிவதற்குள் பஸ் ஏறிவிடுவார். ஆகவே சாலைக்கும் பிள்ளைக்கும் இடையில் இருக்கிற ஒரே தடுப்புச்சுவர் நான்தான். அவள் கையை அப்படி இறுக்கிப் பிடிப்பேன். பள்ளி வாசலில் விடும்போது மணிக்கட்டில் என் ஐந்து விரலும் பதிந்திருக்கும்.

ஒரு ஜூன் மாதக் காலை, பனிமூட்டத்துக்குள்ளிருந்து வந்த சுற்றுலா வேன் ஒன்றின் பக்கக் கண்ணாடி பெனிட்டாவின் குடையைப் பறித்துக்கொண்டு போனது. குடைக்குள் இருந்த தலையை எனக்கு விட்டுவிட்டுப் போனது. அந்த ஓட்டுநரின் நல்ல மனதை நான் மறக்க முடியாது.

அன்றைக்கே மனு எழுதினேன். கான்வென்ட்டில் படித்த பழக்கம், பணிவாகத்தான் எழுத வரும். சாக்கடைக்கு மேலே கற்பலகை போட்டு மூடிக் கொடுத்தால் நாங்கள் அதன் மேல் நடந்துகொள்வோம், சாலையை ஒருபோதும் தொந்தரவு செய்ய மாட்டோம் என்று கேட்டிருந்தேன். ஏழு மாதம் கழித்துப் பதில் வந்தது. "தங்கள் மனு கனிவுடன் பரிசீலிக்கப்பட்டு, மேற்படி இடத்தில் மிதிவண்டித் தனிப்பாதை அமைத்திட ஆணையிடப்பட்டுள்ளது என்பதை மகிழ்வுடன் தெரிவித்துக்கொள்ளலாகிறது."

வேறு யாருடைய பதிலோ எனக்கு வந்துவிட்டது என்று நினைத்து, அதைத் திருப்பிக் கொடுக்க மலைச்சாலைப் பாதுகாப்புத் தனிப்பிரிவுக்குப் போனேன். அங்கே பொறியாளர் நல்லசாமி இருந்தார். ஈரோட்டுப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்து நான்கு மாதம். இரண்டு ஸ்வெட்டர், ஒரு குரங்குக்குல்லா, அதற்குள்ளே எங்கேயோ அவர்.

"ஏனுங்க சார், நான் கேட்டது நடக்கறதுக்கு எடமுங்க."

"அம்மிணி, நடக்கறவங்களுக்குத் தனியாத் திட்டம் கெடையாதுங்க. சைக்கிளுக்குத்தான் வந்திருக்குது. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு பாதை."

"அந்த ஏத்தத்துல ஆருங்க சைக்கிள் ஓட்டுவாங்க?"

"பாதை இல்லாததாலதான் ஓட்டறதில்லீங்க. போட்டா ஓட்டுவாங்க."

"சார், அது செங்குத்தா இருக்குதுங்க. பஸ்ஸே மூச்சு வாங்குது."

அவர் கோப்பைப் பிரித்துக் காட்டினார். 'சாலையின் தன்மை' என்பதற்கு எதிரே 'சமதளம்' என்று இருந்தது.

"சமதளமுங்களா?"

"படிவத்துல அது ஒண்ணுதானுங்க அச்சடிச்சிருக்குது. கீழ்நாட்டுல அடிச்ச படிவம். நானா பேனாவுல 'மலை'ன்னு எழுதுனா, திருத்தம் பண்ணுன படிவம்னு திருப்பி அனுப்பிருவாங்க."

"இதுவரைக்கும் ஒருத்தராவது அங்க சைக்கிள் ஏறி ஓட்டுனதுண்டுங்களா?"

"அதுவும் எழுதியிருக்குதுங்க, பாருங்க. 'மிதிவண்டி விபத்துகள்: ஏதுமில்லை.' இவ்வளவு பாதுகாப்பான எடம் வேற எங்கயுமே கெடைக்கலீங்க. மொதல் சுத்துலயே தேறிருச்சு."

"அப்ப சாக்கடை?"

"அது வேற துறைங்க."

இரண்டே வாரத்தில் எங்களுடைய இரண்டடி மண் ஓரம் சமன்செய்யப்பட்டு, பச்சை வண்ணம் பூசப்பட்டு, பத்தடிக்கு ஒரு சைக்கிள் படம் வரையப்பட்டது. சாக்கடை சாக்கடையாகவே இருந்தது. திறப்பு விழாவுக்கு மேலதிகாரிகள் பதினோரு வண்டிகளில் வந்தார்கள். நிறுத்த வேறு இடமில்லாததால் பாதையிலேயே நிறுத்தினார்கள். தலைமை அதிகாரி சைக்கிள் ஓட்டித் துவக்கி வைத்தார். அந்தச் சைக்கிள் லாரியில் உச்சிக்கு ஏற்றி வரப்பட்டது. அவர் ஜீப்பில் வந்து சேர்ந்தார். இருவரும் உச்சியில் சந்தித்து இறக்கத்தில் இறங்கினார்கள். கீழே நான்கு பேர் நின்று பிடித்துக்கொண்டார்கள். மலைப்பிரதேசத்தில் மிதிவண்டி ஓட்டுவது எவ்வளவு சுலபம் என்று அவர் பேசினார். எல்லாரும் கைதட்டினோம். பெனிட்டாவுக்கு ஒரு மிட்டாய் கிடைத்தது.

மறுநாள் காலை பச்சைப் பாதையில் காலை வைத்தோம். விசில் சத்தம். பாதைக் காவலர் என்று துணிப்பட்டை கட்டிய சுடலைமணி நின்றிருந்தார். எங்கள் தெருக்காரர்தான். என் கல்யாணத்தில் பந்தி பரிமாறியவர்.

"தங்கச்சி, இதுல நடக்கக் கூடாது. சைக்கிள் பாதை."

"அப்பறம் எங்கண்ணா நடக்கறது?"

அவர் ஒருமுறை சாக்கடையைப் பார்த்தார், ஒருமுறை சாலையைப் பார்த்தார். "உனக்கு எது சௌகரியமோ."

அந்த நேரத்தில், வர்க்கி என்கிற மொறுமொறு பிஸ்கட்டைத் தெருத்தெருவாக விற்கிற செல்லக்கண்ணு வந்தார். எங்கள் பகுதியிலேயே சைக்கிள் வைத்திருந்த ஒரே மனிதர். பின்னால் வர்க்கி டின்னைக் கட்டித் தள்ளிக்கொண்டு ஏறுவார். இருபது வருஷமாக அப்படித்தான்.

மறுபடி விசில். "அண்ணே, ஏறி ஓட்டுங்க. தள்ளிட்டுப் போனா நீங்க நடக்கறவரு. நடக்கறவரு இதுல வரக்கூடாது."

"அட ஏம்ப்பா, இந்த ஏத்தத்துல நான் ஏறி உக்காந்தா, நானும் வர்க்கியும் மேட்டுப்பாளையத்துலதான் போயி நிப்போம்."

"அப்படின்னா ரோட்டுல தள்ளுங்க."

"ரோட்டுல போனா, சைக்கிளுக்குத்தான் தனிப்பாதை இருக்குதேன்னு போலீஸ்காரர் புடிக்கறாரு. நான் ஆரு, சைக்கிள்காரனா, நடக்கறவனா? அதைச் சொல்லிரு. அதுக்குத் தகுந்தாப்புல இருந்துக்கறேன்."

சுடலைமணிக்குத் தெரியவில்லை. அலுவலகத்துக்குப் போன் போட்டார். நல்லசாமிக்கும் தெரியவில்லை. மேலே எழுதினார். செல்லக்கண்ணு யார் என்று ஒன்பது நாள் மாநிலத் தலைநகரம் யோசித்தது. அந்த ஒன்பது நாளும் நாங்கள் சாலையில் நடந்தோம். எட்டாம் நாள் ஒரு பஸ் என் சேலைத் தலைப்பை உரசிக்கொண்டு போனது. அன்று பெனிட்டாவைப் பள்ளிக்குக் கூட்டிப் போகாமல் பாதியிலேயே திரும்பி வந்து, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பத்தாம் நாள் சுற்றறிக்கை வந்தது.

"ஏற்றம், சோர்வு, சக்கரத்தில் காற்றின்மை ஆகிய காரணங்களால் மிதிவண்டியை விட்டு இறங்கி, அதனைக் கையால் பற்றியபடி செல்லும் நபர், மேற்படி பற்றுதல் அறுபடாத வரையில், தற்காலிகமாக இறங்கிய மிதிவண்டியாளர் எனவே கருதப்படுவார்."

அதை மூன்று முறை படித்தேன். ஞாயிற்றுக்கிழமைப் பூசை வாசகங்களைக்கூட நான் அத்தனை விசுவாசத்தோடு படித்ததில்லை.

மறுநாள் நானும் பெனிட்டாவும் செல்லக்கண்ணுவின் சைக்கிள் கேரியரைப் பிடித்துக்கொண்டு பச்சைப் பாதையில் ஏறினோம். சுடலைமணி சுற்றறிக்கையை எடுத்துப் பார்த்தார். பற்றுதல் அறுபடவில்லை. விட்டுவிட்டார். அதற்கடுத்த நாள் அதே சைக்கிளை ஒன்பது பேர் பிடித்தோம். செல்லக்கண்ணு கும்பிட்டார். "அம்மிணிகளா, ஏத்தத்துல நான் தள்ளறது ஒரு சைக்கிளு, ஒரு டின்னு. நீங்களும் தொங்குனா நான் செத்துருவேன். ஆளுக்கொண்ணு வாங்கிக்கங்க."

வாங்கினோம். பழைய இரும்புக் கடைகளில் கிடந்த சைக்கிள்களெல்லாம் காந்தலுக்கு வந்தன. கடைக்காரர் முதலில் கேட்கும் கேள்வியே, "ஓட்டறதுக்குங்களா, புடிச்சுட்டு நடக்கறதுக்குங்களா?" என்பதாகிவிட்டது. பிடித்துக்கொண்டு நடப்பதற்கு என்றால் செயின், பெடல், பிரேக் எதுவும் வேண்டியதில்லை. என்னுடையதில் சீட்டும் இல்லை. பக்கத்து வீட்டு வேலாமணி பிள்ளையின் மூன்று சக்கர சைக்கிளைக் கயிறு கட்டி இழுத்து வந்தாள்.

"இது சைக்கிளா?" என்றார் சுடலைமணி.

"சக்கரம் இருக்குதில்ல? உம்பட தாள்ல எத்தனை சக்கரம்னு போட்டிருக்குதா?"

போட்டிருக்கவில்லை.

அந்த மூன்று வாரம்தான் நான் இந்த ஊரில் பயமில்லாமல் நடந்த மூன்று வாரம். இடது கையில் துருப்பிடித்த ஹேண்டில்பார், பின்னால் கேரியரைப் பிடித்தபடி பாட்டுப் பாடிக்கொண்டு பெனிட்டா. அவள் மணிக்கட்டில் என் விரல் படாத நாட்கள். வேன்கள் அவற்றின் வழியில் போயின, நாங்கள் எங்கள் வழியில் போனோம். சைக்கிள் என்பது ஒரு நல்ல கைப்பிடி என்று கண்டுபிடித்தவர்கள் உலகத்திலேயே நாங்களாகத்தான் இருப்போம்.

கணக்கெடுக்க ஆள் வந்தார். பாதைக்கு முன் மிதிவண்டியாளர்: ஒருவர். பாதைக்குப் பின்: இருநூற்றுப் பதினான்கு. பெண்கள் பத்துக்கு எட்டு. பாதசாரிகள்: எவருமில்லை. மாநிலத்திலேயே இப்படி ஒரு வெற்றி கிடையாது என்று தனிப்பிரிவுக்கு விருது கிடைத்தது. நல்லசாமி குல்லாவைக் கழற்றிவிட்டுப் போட்டோவுக்கு நின்றார். அப்போதுதான் அவருக்கு மீசை இருப்பது ஊருக்குத் தெரிந்தது. சமவெளி நகரங்களிலிருந்து குழுக்கள் வந்து எங்களைப் பார்த்துக் குறிப்பெடுத்தன. "உங்களுக்கு மிதிவண்டி ஆர்வம் எப்படி வந்தது?" என்று ஒரு அம்மா என்னைக் கேட்டார். "பயத்தில் வந்தது மேடம்" என்றேன். 'பழக்கத்தில்' என்று எழுதிக்கொண்டார்.

ஏறும்போது பிரேக் தேவையில்லை. சாயங்காலம் இறங்கவும் வேண்டும் என்பதை யாரும் யோசிக்கவில்லை, நான் உள்பட.

ஒருநாள் தூறலில் இறங்கி வந்துகொண்டிருந்தோம். பச்சை வண்ணத்தின் மேல் பாசி. என் கால் வழுக்கியது, ஹேண்டில்பார் கையை விட்டுப் போனது. கேரியரைப் பிடித்திருந்த பெனிட்டா சைக்கிளோடு நான்கு எட்டு ஓடினாள். "விட்ரு! விட்ரு!" என்று கத்தினேன். ஐந்தாவது எட்டில் விட்டாள். சைக்கிள் அவள் புத்தகப் பையோடு தனியாக இறங்கி, கீழே பாதையில் நிறுத்தியிருந்த அரசு ஜீப்பின் மேல் மோதி நின்றது. மிதிவண்டிப் பாதுகாப்பை ஆய்வு செய்ய வந்திருந்த குழுவின் ஜீப். நான் ஈரத் தரையில் உட்கார்ந்து பிள்ளையின் கையையும் காலையும் எண்ணிக்கொண்டிருந்தேன். குழுவினர் ஜீப்பின் விளக்குகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு ஒன்று குறைந்தது.

அறிக்கை வெகு சீக்கிரம் வந்தது. இச்சாலையின் வரலாற்றில் மிதிவண்டியால் நேர்ந்த முதல் விபத்து இதுவே. பாதை அமைக்கப்படுமுன் இத்தகைய விபத்து ஏதும் இல்லை. எனவே விபத்துக்குப் பாதையே காரணம். பொதுமக்கள் நலன் கருதிப் பாதையில் மிதிவண்டிகள் தடை செய்யப்படுகின்றன. காலியாகும் இடம் சுற்றுலா வாகனங்களை நிறுத்தப் பயன்படுத்தப்படும்.

நான் மறுபடி நல்லசாமியிடம் ஓடினேன். "சார், பாதையில வேன் நிக்குதுங்க. வேனுக்கு வெளிய, நட்ட நடு ரோட்டுல எங்க புள்ளைக நடக்குதுங்க. ஒரு பலகையாவது போட்டு அந்தச் சாக்கடையை மூடிக் குடுங்க."

அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். "போட்டுக் குடுக்கலாமுங்க. ஆனா ஆருக்குன்னு எழுதறது? கணக்கெடுப்புல அந்த ரோட்டுல நடக்கறவங்க ஒருத்தருமே இல்லீங்களே. அத்தனை பேரும் சைக்கிள்காரங்கன்னு நீங்கதானுங்க காமிச்சீங்க. அதுக்கு விருதே வாங்கியாச்சு. இப்ப இல்லைன்னா, திருப்பிக் குடுக்கோணுமுங்க."

வீட்டுக்கு வந்து சில்வஸ்டரிடம் சொன்னேன். அவர் பேங்க் பாஸ்புக்கை எடுத்துப் பார்த்தார். பிறகு, "ஸ்கூட்டர் ஒண்ணு வாங்கிருவோம். வேற வழியில்ல" என்றார்.

வாங்கினோம். வேலாமணியும் வாங்கினாள். மழைக்காலம் முடிவதற்குள் தெருவில் எல்லாரும் வாங்கிவிட்டார்கள். காலை எட்டரைக்குக் கற்பூரமரத்து ஏற்றத்தில் இப்போது வேன்களுக்கு எங்களைக் கண்டால் பயம். எங்கள் ஸ்கூட்டர்களை ஒதுக்க முடியாமல் பஸ்காரர் கும்பிடு போடுகிறார். பெனிட்டா என் முதுகோடு ஒட்டிக்கொண்டு உட்காருகிறாள். நான் அவள் கையைப் பிடிப்பதில்லை. இரண்டு கையும் வண்டிக்கு வேண்டியிருக்கிறது.

போன திங்கட்கிழமை நல்ல மூட்டம். முதல் மணி அடித்துவிட்டது. வளைவில் திரும்பினால், நிறுத்தியிருந்த வேன்களுக்கு வெளியே, நடுச் சாலையில் ஒரு பெண் போய்க்கொண்டிருக்கிறாள். சோலூரிலிருந்து புதிதாகக் குடிவந்தவளாம், பேச்சி என்று பெயர். ஒரு கையில் டிபன் பை, மறுகையில் ஐந்து வயதுப் பையன். நான் ஹாரனை அழுத்திய அழுத்தில் அவள் பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு வேன் மேல் சாய்ந்தாள்.

பிரேக் போட்டேன். பயந்துவிட்டேன். அதனால் கோபம் வந்தது.

"கண்ணு தெரியலீங்களா? புள்ளையை வச்சுட்டு நடு ரோட்டுலயா நடப்பாங்க? ஓரமாப் போகக்கூடாதுங்களா?"

என் பின்னாலிருந்து பெனிட்டாவும் சேர்ந்து கத்தினாள். "ஓரமாப் போங்க!"

அந்தப் பெண் இடது பக்கம் பார்த்தாள், வலது பக்கம் பார்த்தாள். பிறகு மரியாதையாகத்தான் கேட்டாள், "ஓரம் எங்கீங்கக்கா இருக்குது?"

நியாயமான கேள்வி. நின்று பதில் சொல்லியிருப்பேன். ஆனால் எனக்குப் பின்னால் வேலாமணி ஹாரன் அடித்தாள், அவளுக்குப் பின்னால் இன்னும் பதினான்கு தாய்மார்கள் ஹாரன் அடித்தார்கள், எல்லாருக்கும் பிள்ளைகள் பத்திரமாகப் பள்ளிக்கூடம் சேர வேண்டியிருந்தது.