ஆளில்லாத கரை

தலையில் சஹனைத் தூக்கிக்கொண்டு மாமியார் உம்மு குல்சும் மணலில் நடந்து வருவதை ஸெய்னுதீன் கண்டபோது, பள்ளிக்கூடப் பொடியன்கள் ஆக்கிய சோறு ஒரு பக்கம் கரிந்தும் மறுபக்கம் அரிசியாகவும் கிடந்தது.

சஹன் என்றால் ஆறு பேர் சுற்றியிருந்து தின்கிற பெரிய தட்டம். அதற்குமேல் ஒரு மூடி, மூடிக்குமேல் ஒரு துணி. இரண்டையும் தாண்டி நெய்ச்சோற்று வாசம் வந்தது. ஸெய்னுதீனுக்குப் பசி வரவில்லை. பயம்தான் வந்தது.

பயத்துக்குக் காரணம் பூவரச மரத்தடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்ற சோமசேகரம் மாஸ்டர். மலைநாட்டுப் பள்ளிக்கூடம் ஒன்றில் படிப்பிக்கிறவர். வருசா வருசம் ஆவணி விடுமுறைக்குப் பொடியன்களை எங்காவது ஒரு கடற்கரைக்குக் கூட்டிப்போய், தோணி வலிக்கவும் கூடாரம் அடிக்கவும் பழக்குகிறவர். இந்த வருசம் கொட்டியாரக் குடாவைத் தேர்ந்தெடுத்து, வழிகாட்டியாக ஸெய்னுதீனைப் பிடித்திருந்தார். போன மாதமே அவன் ஊரான மூதூருக்கு நேரில் வந்து, சுட்டுவிரலை நீட்டிச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"ஆளில்லாத கரை வேணும். பொடியள் தாங்களே சமைச்சுத் தாங்களே சாப்பிட வேணும். ஊராக்கள் ஒரு பருக்கை கொண்டரக்கூடாது. கொண்டந்தால் அடுத்த வருசம் நான் வேற ஆளைப் பாப்பன். விளங்கிச்சோ?"

விளங்காமல் என்ன? இந்தப் பயணம் சரிவந்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகளைத் தோணியில் கூட்டிப்போவதையே தொழிலாகப் பிடித்துவிடலாம். சரிவராவிட்டால் தன்னுடைய ஆறு தோணிகளையும் விற்றுவிட்டு, கிண்ணியாவில் மச்சான் ஹிஸ்புல்லாவின் பலசரக்குக் கடையில் செத்தல் மிளகாய் நிறுக்க வேண்டும். வீட்டில் அப்படித்தான் முடிவாகியிருந்தது. மச்சான் அவன் உட்காரவென்று ஒரு கதிரையே ஒதுக்கி வைத்துவிட்டான். மிளகாய்ச் சாக்கை அவிழ்த்தாலே ஸெய்னுதீனுக்குத் தும்மல் வரும். தும்மலையாவது தாங்கலாம், மச்சானின் புத்திமதியைத் தாங்க ஏலாது.

அவன் ஓடிப்போய்த் தாழம்பற்றைக்குப் பின்னால் மாமியை மறித்தான்.

"மாமி, இந்த இடத்த உங்களுக்கு ஆரு சொன்ன?"

"ஸல்ஹாதான். பச்சப் புள்ளைகளுக்குச் சோறு குடுக்கப்படாதெண்டு ஒரு வாத்தியார் சொல்லியிருக்காராமே. அதக் கேட்ட பொறகு எனக்கு எப்படிச் சோறு எறங்கும்?"

ஸல்ஹா அவன் பெண்சாதி. மாஸ்டரின் நிபந்தனையை அவளிடம் கொட்டியது அவனுடைய வாய்தான். அந்த வாயை அவன் மனதுக்குள் நன்றாக ஏசினான்.

"அவங்களாச் சமைக்கிறாங்க, மாமி. பழகுறதுக்கு."

"கரிஞ்ச மணம் ஊர் வரைக்கும் வருது மருமகன். பழகினது போதும். கோழிதான் போட்டிருக்கன், மாடு போடல்ல. இந்துப் புள்ளைகளெண்டு எனக்குத் தெரியாதா?"

மரத்தடியில் மாஸ்டரின் தலை இந்தப் பக்கம் திரும்பியது. எதையாவது சொல்லித் தொலைக்க வேண்டும்.

"அவங்க விரதம், மாமி. பொழுதுபட்டு மஃரிபு வரைக்கும் ஒண்டும் தின்னமாட்டாங்க."

மாமியின் முகம் அப்படியே இளகிவிட்டது.

"விரதமா? இந்த வயசிலயா?"

சஹனை மணலில் வைத்துவிட்டு, வந்த வழியே விறுவிறென்று போய்விட்டார். தப்பினோம் என்று ஸெய்னுதீன் மூச்சு விட்டான். நோன்புப் பெருநாள் கழிந்து ஒரு கிழமைதான். நோன்பாளிக்கு ஒரு மிடறு தண்ணீர் கொடுத்தாலே பெரிய நன்மை என்று போட்டி போடுகிற ஊரில் என்ன வார்த்தையை விட்டோம் என்பது அவனுக்கு அப்போது உறைக்கவில்லை.

"அது என்ன?" பின்னால் மாஸ்டரின் குரல்.

"என்ட சாப்பாடு, சேர்."

மாஸ்டர் மூடியைத் திறந்தார். மலைபோல நெய்ச்சோறு, நடுவில் கோழி, ஓரத்தில் கத்தரிக்காய்ப் பால்கறி, இனிப்புக்கு ஒரு கிண்ணத்தில் வட்டிலப்பம்.

"முழுக்கவோ?"

"நான் கொஞ்சம் பசிக்காரன், சேர்."

"அப்ப சாப்பிடுங்கோ, பாப்பம்."

ஸெய்னுதீன் சாப்பிட்டான். கால்வாசியிலேயே மூச்சு முட்டியது. பொடியன்கள் அடுப்பை விட்டுவிட்டு வந்து சுற்றி நின்று, அவன் கை போகிற இடமெல்லாம் கண்ணைக் கொண்டுபோனார்கள். கடைசியில் மாஸ்டர் நீளமாக ஒரு பெருமூச்சு விட்டார்.

"சோத்தை எறியிறது பாவம். இந்த ஒரு தரம் மட்டும்," என்று சொல்லி, செத்த வீட்டில் பந்திக்கு இருக்கிற ஆள்போலத் துக்கத்தோடு உட்கார்ந்தார். வட்டிலப்பக் கிண்ணம் அவர் பக்கமாக இருந்தது. அது பிறகு வேறு பக்கம் போகவில்லை.

பொழுது சாய்ந்தது. மூதூர்ப் பக்கமிருந்து கரையோரமாக ஒரு வரிசை வந்தது. முன்னால் மாமி, அவருக்குப் பின்னால் பாதித் தெரு. கஞ்சிப் பானை, பேரீச்சம்பழம், கட்லட், சர்பத் கரைத்த வாளி.

"விரதம் திறக்கிற நேரம்," என்றார் மாமி. "அவங்கட விரதமெண்டாலும் பசி பசிதானே."

சஹனை வழித்துத் தின்றுவிட்ட நோன்பாளிகள் கோப்பையோடு வரிசையில் நின்றார்கள். காலியாய்க் கிடந்த சஹனை மாமி கண்டார்.

"இது?"

"நான் சாப்பிட்ட, மாமி."

"முழுக்கவா? என்ட மகள் ஒங்களப் பட்டினி போடுறாளா மருமகன்?"

எல்லோரும் போனபிறகு மாஸ்டர் அவனைத் தனியே கூப்பிட்டார். முகம் கடுமையாக இருந்தது.

"ஆளில்லாத கரை எண்டல்லோ கேட்டனான்?"

"ஓம், சேர். விடிய நேரத்தோட சம்பூர்ப் பக்கம் போயிருவம். அங்க எங்கட ஆக்கள் ஒருத்தரும் இல்ல."

"பாப்பம்," என்றார் மாஸ்டர், இன்னொரு கட்லட்டை எடுத்துக்கொண்டு.

விடியற்காலையில், கச்சான் காற்று எழும்புமுன் ஆறு தோணிகளும் புறப்பட்டன. முந்தாநாள் வரை கடலைப் படத்தில் மட்டும் கண்ட பொடியன்கள் இப்போது ஒரே சீராகத் துடுப்புப் போட்டார்கள். ஸெய்னுதீனுக்கு அதைப் பார்க்கச் சந்தோசமாக இருந்தது. மச்சானின் கதிரை கொஞ்சம் தூரம் போனமாதிரியும் இருந்தது. சம்பூருக்குக் கிட்ட ஒரு சின்ன வளைவில் கரையேறினார்கள். அவன் சொன்னபடியே அங்கே மூதூர் ஆட்கள் ஒருவரும் இல்லை.

சம்பூர் ஆட்கள் இருந்தார்கள். காணாமற்போன எருமையைத் தேடிக்கொண்டு இராசையா கம்போடு வந்தார். இரண்டு வயலும் ஒரு எருமைப் பட்டியும் உள்ளவர், ஸெய்னுதீனுக்குப் பழக்கமானவர்.

"ஆரது, ஸெய்னுதீன் தம்பியோ? ஆர் இந்தப் பொடியள்? பிள்ளையள் சாப்பிட்டிட்டுதுகளோ?"

அந்தக் கடைசிக் கேள்வி வந்ததும் ஸெய்னுதீன் இரண்டு கையையும் நீட்டி அவரை மறித்தான்.

"கிட்ட வராதீங்க, அண்ணன். புள்ளைகளுக்கு அம்மாள் போட்டிருக்கு."

அம்மாள் என்கிற அம்மை நோயின் பெயரைக் கேட்டதும் இராசையா தோளில் கிடந்த துவாயை எடுத்து இடுப்பில் கட்டினார். கூடாரங்களைப் பார்த்துக் கும்பிட்டார். திரும்பி முதுகைக் காட்டாமல் பின்பக்கமாகவே நடந்துபோனார். சொன்ன பொய்களிலேயே இதுதான் உருப்படியானது என்று ஸெய்னுதீன் நினைத்தான். அந்தத் தெம்பில் வலையைப் போட்டு, ஒரு கூடை மீன் பிடித்து, பொடியன்களுக்குச் சுடக் காட்டிக்கொடுத்தான். முதல்தடவையாக ஒரு சாப்பாடு அவர்கள் கையால் சரியாக வந்துகொண்டிருந்தது.

மீன் ஒரு பக்கம் வெந்து திருப்புகிற நேரம் இராசையாவின் பெண்சாதி புஷ்பவதி வந்தார். தனியாக இல்லை. பின்னால் பெண்கள் வேப்பங்கொப்பும், இளநீர்க் குலையும், மஞ்சள் தண்ணீரும், வாழைக்குலையும், எருமைத்தயிர் முட்டிகளும் கொண்டு வந்தார்கள். அம்மாள் வருத்தத்துக்குக் குளிர்ச்சி வேண்டும் அல்லவா?

"அம்மாள் இருக்கிற இடத்தில மீன் சுடுறியளோ?" என்று கேட்டார் புஷ்பவதி. மீன் முழுவதும் காகத்துக்குப் போனது.

அவர் பொடியன்களை ஒவ்வொருவராகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒரு கொப்புளமும் காணேல்லையே, தம்பி?"

"உள்ளுக்குப் போட்டிருக்கு, அக்கா," என்றான் ஸெய்னுதீன்.

"ஐயோ, உள்ளுக்குப் போட்டதுதான் பொல்லாதது," என்று சொல்லி, ஆளுக்கு ஒரு முட்டியாக இருந்த தயிரை இரண்டு முட்டியாக்கினார்.

மாஸ்டர் காதில் செருகின வேப்பிலையோடு வந்து நின்றார். வாயைத் திறக்கப்போன ஸெய்னுதீனைக் கையமர்த்தினார்.

"அம்மாளுக்கெண்டு வந்ததை வேண்டாமெண்டு சொல்ல ஏலாது," என்று பெருமூச்சு விட்டு, தயிரில் பனங்கட்டியைப் போட்டுப் பிசைந்தார்.

கதை அத்தோடு நின்றிருந்தால் ஸெய்னுதீன் எப்படியோ சமாளித்திருப்பான். ஆனால் சம்பூரில் சொன்னது மூதூருக்குப் போக எவ்வளவு நேரம்? பின்னேரம் ஒரு வள்ளம் கரையேறியது. மாமி, மாமியின் தங்கச்சிமார், இரண்டு பானை கோழிச் சூப்பு.

"விரதம் இருந்து புள்ளைகள் படுத்துட்டாங்களாமே. எங்க அந்த வாத்தியார்?"

"அம்மாள் வருத்தக்காரருக்குக் கோழி காட்டவும் கூடாது, அக்கா," என்று புஷ்பவதி குறுக்கே நின்றார்.

"விரதம் இருந்த ஒடம்புக்குத் தயிர் குடுத்தாச் சளி பிடிக்கும், தங்கச்சி," என்றார் மாமி.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஸெய்னுதீன் பக்கம் திரும்பினார்கள்.

"விரதமா, அம்மாளா? ஒண்டச் சொல்லுங்க மருமகன்."

ஸெய்னுதீன் கடலைப் பார்த்தான். தோணிகளைப் பார்த்தான். இனிப் பொய்சொல்ல அவனிடம் ஒன்றும் மிச்சமில்லை.

"ரெண்டும் இல்ல. புள்ளைகள் நல்ல சுகமா இரிக்காங்க. சேர் ஏசுவாரெண்டு நான்தான் சும்மா சொன்ன."

மாமி புஷ்பவதியைப் பார்த்தார். புஷ்பவதி மாமியைப் பார்த்தார்.

"அப்ப கோழியும் தின்னலாம்," என்றார் மாமி.

"தயிரும் சாப்பிடலாம்," என்றார் புஷ்பவதி.

அதற்குப் பிறகு இரண்டு ஊரும் சேர்ந்து அந்தக் கரையில் அடுப்பு மூட்டியது. அடுத்த நாள் காலைச் சாப்பாட்டுக்குப் பிட்டும், மத்தியானத்துக்குக் கட்டுச்சோறும் தந்துதான் தோணிகளைத் தள்ளிவிட்டார்கள்.

மூதூரிலிருந்து திருகோணமலைக்கு லோஞ்சுப் படகில் வரும்போது மாஸ்டர் முகத்தைத் திருப்பிக் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். வழியனுப்பக் கூடவந்த ஸெய்னுதீனுக்கு, துறைமுகம் கிட்டக்கிட்ட செத்தல் மிளகாய் மணப்பதுபோலவே இருந்தது. இறங்குதுறையில் பஸ் நின்றது. பொடியன்கள் ஏறினார்கள். மாஸ்டர் படியில் காலை வைத்துவிட்டுத் திரும்பினார்.

"எனக்குச் சரியான மனவருத்தம், ஸெய்னுதீன். பொடியள் ஒரு நேரம்கூடத் தாங்களாச் சமைச்சுச் சாப்பிடேல்லை."

"பிழைதான், சேர்."

"இன்னொரு தரம் பாப்பம். அடுத்த வருசம் நாலு நாளுக்கு வருவம். ஆனா அதே நிபந்தனைதான். ஒரு பருக்கை வரக்கூடாது. வீட்டிலயும் வடிவாச் சொல்லிவையுங்கோ."

அவர் ஏறி உள்ளே போய்விட்டார். ஸெய்னுதீனுக்குக் கண் கலங்கிவிட்டது. தோணிகள் தப்பின, மச்சானின் கதிரையில் இனி மச்சானே இருக்கட்டும். இப்படியும் ஒரு பெரிய மனசா என்று நினைத்தபடி, பஸ் சாரதி ஆனந்தராசா மேல்தட்டில் சட்டிபானைகளைக் கட்டுவதற்கு ஒரு கை கொடுத்தான்.

"தங்கமான மனுசன்," என்றான். "ஊராக்களைத் தடுக்க ஏலாமப் போன எனக்கு இன்னொரு சந்தர்ப்பம் தந்திருக்கார்."

ஆனந்தராசா கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டான்.

"அண்ணை, முதல் வருசம் நாங்கள் வேற ஒரு கரைக்குப் போய், 'பொடியளுக்கு ஏதும் சாப்பாடு தருவியளோ' எண்டு வாய்விட்டுக் கேட்டனாங்கள், ஒரு பாதித் தேங்காய்கூட வரேல்லை, அதுக்குப் பிறகுதான் சேர் தரக்கூடாதெண்டு சொல்லத் தொடங்கினவர்."