சிறுநீரகத்தின் மேல் ஒரு தொப்பி

எங்கள் தோட்டத்தில் யாருக்கும் வெறும் தலைவலி வந்ததில்லை. வர எங்கள் மருந்துக்காரர் விட்டதில்லை. இலங்கை மலைநாட்டில் டிக்கோயாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் கிளாக்கராக இருந்தபோது, டிஸ்பென்சரியில் மருந்து கொடுத்த அவரை எல்லாரும் 'தொப்பி டொக்டர்' என்பார்கள். அவர் டொக்டரும் அல்ல; தொப்பி போட்டதும் இல்லை.

சிறுநீரகம் ஒவ்வொன்றின் மேலும் தொப்பி மாதிரி ஒரு சுரப்பி இருக்கிறது, பயம் வந்தால் அது ஒரு நீரை இரத்தத்தில் ஊற்றுகிறது என்று ஏதோ மருத்துவப் புத்தகத்தில் படித்திருந்தார். அதோடு மற்ற உறுப்புகளில் அவருக்கு அக்கறை போய்விட்டது.

"பல்லு வலிக்குதுங்கய்யா."

"வீட்ல சண்டையா?"

"ஆமாங்க."

"தொப்பி ஊத்துது. வாயை மூடு."

வைத்தியம், இடுப்பில் கம்பளியை இறுக்கிக் கட்டுவது. சூட்டுக்குச் சுரப்பி அடங்குமாம். இது எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஒரு மழைக்காலத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வந்தவர்களில் பாதிப்பேர் இடுப்பில் கம்பளியோடு நின்றார்கள். ஆபீஸ் பூட்டை நான் பலமுறை இழுத்துப் பார்ப்பதை அவர் கவனித்துவிட்டதால், நானும்.

கொழுந்து பறிப்பதில் கருப்பாயியை மிஞ்ச ஆள் இல்லை. காற்றில் மரம் சாய்ந்து புருஷன் செத்த பிறகும் அவள் வேலைக்கு வந்தாள். ஆனால் காற்றடித்தால் கூடையோடு உட்கார்ந்துவிடுவாள். தூக்கமும் இல்லை. சில மாதங்களில் வருவதையே நிறுத்திவிட்டு, தொழிலாளர் வரிசைவீடான லயத்தில் தன் காம்பராவில் சுவரைப் பார்த்தபடி பேசாமல் கிடந்தாள். பேய் என்றது லயம். நடிப்பு என்றார் கங்காணி. பேரேட்டில் பேரை வெட்டு என்றார் தோட்ட மேனேஜரான துரை. பேரை வெட்டினால் காம்பராவும் போய்விடும். அவளுக்கு வேறு போக்கிடம் கிடையாது. வெட்ட வேண்டிய பேனா என் கையில் இருந்தது.

தொப்பி டொக்டர் துரையிடம் நியாயம் பேச வந்ததோ, கம்பெனியின் விசிட்டிங் ஏஜன்ட் தோட்டத்தைப் பார்வையிட வரும் நாளில். துரைமாரின் தலையெழுத்து அந்த ஏஜன்ட் கையில். துரை பதினேழாவது தடவையாக ஜன்னலுக்குப் போய்த் திரும்பினார்.

"காய்ச்சல் இல்லே. ஏன் வேலெக்கி வர்றது இல்லே?" என்றார், தோட்டத்தில் கற்ற தமிழில்.

தொப்பி டொக்டர் கேட்காமலே துரையின் கையைப் பிடித்து நாடி பார்த்தார். "குதிரை மாதிரி ஓடுது. ராத்திரி தூங்கலைங்களே? சாப்பாடும் இறங்கலை. கை வேர்த்திருக்கு."

"ஏஜன்ட் வர்றது."

"சாயங்காலம் போயிருவாரு. தொரையோட தொப்பி அடங்கிரும். அவளுக்கு ஏஜன்ட் தெனமும் வர்றாரு, தொரை. போறதே இல்லை. ஊத்தி ஊத்தி ஒடம்பும் மனசும் ஓஞ்சு போச்சு. சோம்பேறித்தனம் இல்லீங்க."

துரை கையை இழுத்துக்கொள்ளவில்லை. "பேர் இருக்கட்டும்," என்றார். பிறகு தணிந்த குரலில், "மருந்து இருக்கா?"

"அவளுக்குங்களா, தொரைக்குங்களா?"

"ரெண்டு பேருக்கும்."

அன்று ஏஜன்ட் முன் நின்றபோது துரையின் கோட்டு இடுப்பில் புடைத்திருந்தது.

கருப்பாயிக்குக் கம்பளி ஒன்றும் செய்யவில்லை. தொப்பி டொக்டர் தினமும் வேலை முடிந்ததும் அவள் வாசலில் போய் உட்கார்ந்தார். அவருக்குப் பேச வேறு விஷயம் தெரியாது. சுரப்பியைப் பற்றியே பேசினார். அவள் சுவரையே பார்த்தாள். மாதங்கள் போயின. ஒருநாள் நானும் கூடப் போயிருந்தேன். மழை பிடித்துக்கொண்டது. இடதுபக்கத் தொப்பிக்கும் வலதுபக்கத் தொப்பிக்கும் என்ன வித்தியாசம் என்று அவர் ஆரம்பித்தபோது கருப்பாயி திரும்பினாள்.

"எந்திரிச்சுப் போங்கய்யா. தெனமும் தொப்பி, தொப்பி. காது வலிக்குது."

அத்தனை மாதத்தில் அவள் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அது. கூடையைத் தூக்கியதெல்லாம் அதற்குப் பிறகுதான். அவர் உடனே எழுந்து, காற்சட்டையைத் தட்டிக்கொண்டு இறங்கினார்.

"திட்டிட்டா, கிளாக்கரய்யா," என்றார் வழி முழுக்க. "நல்லாத் திட்டிட்டா." கண்ணைத் துடைத்துக்கொண்டே நடந்தார்.

எங்களிடம் இருந்தது ஒரே குடை. நனைந்தால் எனக்கு மார்புச்சளி நிச்சயம். ஆனாலும் லயத்திலிருந்து டிஸ்பென்சரி வரை அதை அவர் பக்கமே பிடித்துக்கொண்டு வந்தேன்.