பதினாறாவது எலுமிச்சை

சிலேட்டின் நடுவில் பெரிய பெருக்கல் குறி. பார்த்ததும் சடையப்பனுக்குச் சுர்ரென்று ஏறியது.

"யாரு போட்டது இது?"

"டீச்சர்தான் நைனா," என்றாள் கன்னியம்மா. மூன்றாம் வகுப்பு. மத்தியானச் சோற்றுக்கு வந்தவள், சோற்றைத் தொடவில்லை.

புள்ளிகளை முக்கோணமாக அடுக்கினால் முதலில் ஒன்று, பிறகு மூன்று, ஆறு, பத்து. அடுத்தது எத்தனை? இதுதான் கணக்கு. கன்னியம்மா பதினைந்து என்றுதான் எழுதியிருந்தாள். காலையில் எச்சில் தொட்டு அழித்து, பதினாறு என்று மாற்றி அனுப்பியவர் சடையப்பன். ஊத்துக்கோட்டைச் சந்தையில் இருபது வருஷமாக எலுமிச்சம்பழம் கூறு கட்டி விற்கிறவருக்கா கணக்குத் தெரியாது?

"இன்னிக்கு வர்ற ஸ்கூல் இன்ஸ்பெக்டர் முன்னாடி கணக்குப் போட என் பேரத்தான் எழுதி வச்சிருந்தாங்க. இப்போ அடிச்சிட்டாங்க. டபுள் புரமோஷன் போச்சு."

அநியாயம். மகள் நாலாவதைத் தாண்டி நேராக ஐந்தாவது போகப்போகிறாள் என்று சந்தை முழுக்கச் சொல்லியாகிவிட்டது.

சடையப்பன் சிலேட்டைப் பிடுங்கிக்கொண்டு, மகளோடு பள்ளிக்கூடத்துக்கு நடந்தார். வழியிலேயே பெருக்கல் குறியை அழித்து, தன் கையாலேயே 'ரைட்' போட்டார்.

கிரேஸ் டீச்சர் அதைப் பார்த்தார்.

"திருட்டு ரைட் வேறயா? இனிமே இவ கடைசி பெஞ்சுலதான் உக்காரணும்."

"கடைசி பெஞ்சா? இரு டீச்சரம்மா, ருசுப் பண்ணிக் காட்டறேன்."

போனார். ஒரு கூடை எலுமிச்சம்பழத்தோடு திரும்பி வந்தார். வாசல்படி தடுக்கி, பாதிப் பழம் வகுப்பெல்லாம் உருண்டது. சரியாக அந்த நேரம் பார்த்துத் திருவள்ளூரிலிருந்து வந்த இன்ஸ்பெக்டர் உள்ளே காலை வைத்தார். பழம் நசுங்கி, சாறு அவருடைய வெள்ளை வேட்டியில் தெறித்தது.

கிரேஸ் டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். சடையப்பனோ நிமிர்ந்தே பார்க்கவில்லை. தரையில் உட்கார்ந்து அடுக்கினார்.

"அடியில அஞ்சு. அதுக்கு மேல நாலு, மூணு, ரெண்டு, ஒண்ணு. எவ்ளோ ஆச்சு?"

"பதினஞ்சு," என்றார் டீச்சர். "அதத்தான் நானும் சொல்றேன்."

"இன்னும் முடியல." சடையப்பன் இன்னொரு பழத்தை எடுத்து ஓரமாக வைத்தார். "இது கொசுறு. பதினாறு."

வகுப்பு சிரித்தது. சடையப்பனுக்கு முகம் சிவந்துவிட்டது.

"இன்னா சிரிப்பு? பதினஞ்சோட நிறுத்தறவன் வியாபாரியா? கொசுறு இல்லாத கூறு ஒரு கூறா? படிச்சவங்க ஜனங்க வயித்துல அடிக்கக் கத்துக் குடுக்கறீங்க. என் பொண்ணும் மொதல்ல உங்கள மாதிரியே பதினஞ்சுன்னுதான் எழுதிச்சு. நான்தான் அழிச்சு நாயமா திருத்தினேன்."

கிரேஸ் டீச்சர் கண்ணைத் திறந்தார்.

இன்ஸ்பெக்டர் வேட்டியைத் துடைப்பதை நிறுத்தினார். "பதினஞ்சுன்னு எழுதினது நீயாம்மா?"

கன்னியம்மா தலையாட்டினாள்.

"அப்பா இவ்வளவு சொல்றாரே. நீ ஏன் கொசுறச் சேர்க்கல?"

கன்னியம்மா நைனாவைப் பார்த்தாள். அந்தப் பதினாறாவது பழத்தைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்:

"தினம் கடையில பக்கத்துலயே உக்காந்துகினு பாக்கறேன் சார். நைனா ஒருத்தருக்கும் அத குடுத்ததில்ல."