கழுதைக்கு என்ன கொடுத்தார்கள்?

உலகத்தில் நடந்த யுத்தங்கள் மூன்றே வகைதான். சுபேதார் கேட்டு முடித்தவை, கேட்டுக்கொண்டிருப்பவை, இன்னும் டவுன்லோடு ஆகாதவை. இந்த மூன்றிலும் சேராத யுத்தம் ஏதாவது இருந்தால், அது நடந்ததாகத் திருவொற்றியூரில் எந்த டிரைவரும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

சுபேதார் பட்டாளத்தில் இருந்தவர் அல்ல. பள்ளிக்கூட என்.சி.சி.யில்கூட இருந்ததில்லை. கொருக்குப்பேட்டைக்காரர், நாற்பதடி கன்டெய்னர் ட்ரெய்லர் ஓட்டியவர். வண்டியை எடுப்பதற்கு முன் கீழே இறங்கி, பின்னால் நிற்கிற வண்டி வரைக்கும் நடந்து போய், அதன் டயர்களையும் டிரைவரையும் மேலும் கீழும் பார்த்துவிட்டுத்தான் திரும்புவார். அணிவகுப்பைப் பார்வையிடுகிற அந்த நடைக்காக யாரோ வைத்த பெயர். அவருடைய சொந்தப் பெயர் லைசென்ஸில் மட்டும் இருந்தது.

நான் அப்போது எர்ணாவூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் கேட் ரைட்டர். வண்டி நம்பர், பெட்டி நம்பர், சீல் நம்பர் மூன்றையும் எழுதி ஸ்லிப் கிழித்துக் கொடுப்பது உத்தியோகம். பத்திரிகைக்கு எழுத வருவதற்கு முன்னால் என் மொத்த எழுத்துப் பணியும் அதுதான். அதிலும் பிழைகள் இருந்ததாகச் சொல்வார்கள்.

எங்கள் யார்டிலிருந்து துறைமுக வாசல் வரைக்கும் ட்ரெய்லர்கள் வரிசையில் நிற்கும். ஒரு பக்கம் கருங்கல் கரை, அதற்கு அந்தப் பக்கம் கடல். நிற்கிற நேரத்தில் சிலர் தூங்குவார்கள், சிலர் சீட்டாடுவார்கள். சுபேதார் புத்தகம் கேட்பார். பக்திச் சொற்பொழிவு கேட்கட்டும் என்று மகள் போனில் ஒரு ஆப் போட்டுக் கொடுத்திருக்கிறாள். இவர் விரல் தவறி யுத்தத்தில் பட்டுவிட்டது. அதற்குப் பிறகு விரல் வேறெங்கும் போகவில்லை.

ஒலிப்புத்தகம் பற்றி அவரிடம் கருத்துக்கள் இருந்தன. கேட்காமலே வந்து விழும்.

படிப்பவர் அழக் கூடாது என்பது முதல் கருத்து. "செத்தவன் சும்மா கீறான், படிக்கிறவனுக்கு இன்னா வந்துச்சு?" என்பார். பின்னணியில் குதிரைக் குளம்பொலி சேர்த்திருந்தால் அந்தப் புத்தகத்தை அப்போதே நீக்கிவிடுவார். "கொட்டாங்குச்சிய தட்டிகினு கீறான் ரைட்டரு. எனுக்குத் தெரியாதா?"

எங்கள் சூபர்வைசர் ஒருநாள், தானும் இந்த மாதிரிப் புத்தகங்களை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பதாகப் பெருமையடித்துக்கொண்டார். சுபேதார் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "பத்தாயிரம் பேரு மூணு மாசம் பனில நட்ந்து போறான். நீ டீ ஆர்றதுக்குள்ள கொண்டுபோய் சேத்துடுவியா சார்? அவன் காலு இன்னாத்துக்கு ஆவும்?" என்றார். படை நடக்கிற இடங்களைச் சுபேதார் முக்கால் வேகத்தில்தான் கேட்பார்.

சண்டை வரும் இடத்தில் கொட்டாவி விடுவார். சண்டை அரை நாளில் முடிகிற சமாசாரம், அதற்கு முன்னால் மாவு மூட்டையும் மருந்துப் பெட்டியும் வந்து சேர்ந்ததுதான் யுத்தம் என்பது அவர் கட்சி. வரிசையில் நாலு நாள் நின்று நாற்பதடிப் பெட்டியைக் கப்பலில் சேர்க்கிறவருக்கு வேறெப்படித் தோன்றும்? எந்தப் புத்தகத்தைப் பற்றிக் கேட்டாலும் மார்க் போடுவதற்கு அவரிடம் ஒரே கேள்விதான் உண்டு.

"கய்தைக்கு இன்னா குட்த்தான்னு சொன்னானா?"

சாமான் சுமந்த கழுதைகள் என்ன தின்றன என்று எழுதியிருந்தால் ஆசிரியர் பாஸ். எழுதாமல் தளபதியின் குழந்தைப் பருவத்தைப் பற்றி ஓர் அத்தியாயம் ஓட்டியிருந்தால், அவர் எவ்வளவு பெரிய பேராசிரியராக இருந்தாலும் எர்ணாவூரில் ஃபெயில்.

நானும் மெல்ல மெல்ல அதில் விழுந்தேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் டப்பாவோடு அவர் வண்டியில் ஏறிக்கொள்வேன். கடல் காற்று ஒரு ஜன்னலில் வந்து மறு ஜன்னலில் போகும். தூரத்தில் நங்கூரம் போட்ட கப்பல்கள் வானத்தில் நிற்கின்றனவா தண்ணீரில் நிற்கின்றனவா என்று வெயில் மங்கலில் தெரியாது. போனிலிருந்து புத்தகம் படிப்பவரின் கரகரத்த குரல் நிதானமாகச் சொல்லிக்கொண்டே போகும். கண்ணை மூடினால் சாலை மலைப்பாதையாகிவிடும், எனக்கு முன்னால் பனி விழும். கண்ணைத் திறந்தால் கையில் தயிர்சாதம் இருக்கும். கொஞ்ச நேரத்துக்கு எது நிஜம் என்று பிடிபடாது. அந்த மயக்கத்தில் ஒருநாள் பெட்டி நம்பர் எழுத வேண்டிய கட்டத்தில் 'இரண்டாம் குதிரைப்படை' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

நாங்கள் கேட்டது பன்னிரண்டு பாகமாக வரவேண்டிய ஒரு பெரிய சரித்திரம். எந்த நாடு, எந்த யுத்தம் என்று சொல்லமாட்டேன். சொன்னால் சுபேதாருடன் வரிசையில் நின்ற டிரைவர்கள் என் தவறுகளைத் திருத்திக் கடிதம் எழுதுவார்கள். ஒரு படை மலையைத் தாண்டிப் போகிறது, அவ்வளவு போதும்.

மூன்றாம் பாகத்தில் ஒரே ஒரு வரி வந்தது. கணவாயின் உச்சியில் ஒரு வண்டியின் சக்கரம் உடைந்தது. வண்டிக்காரனையும் கழுதையையும் அங்கேயே விட்டுவிட்டுப் படை முன்னேறியது.

சுபேதார் நிறுத்தினார். பின்னால் தள்ளி மறுபடி கேட்டார்.

"அப்பால?"

"அப்பால படை போகுதுண்ணா."

"படை கெடக்குது. அவன் இன்னா ஆனான்?"

எனக்கு எப்படித் தெரியும்? அப்போதுதான் சொன்னார். முப்பது வருஷத்துக்கு முன்னால் ஆந்திர எல்லையில் தடா தாண்டி அவர் வண்டியின் ஆக்சில் முறிந்துவிட்டதாம். கூடவே கிளம்பிய ஆறு வண்டிகளில் ஒன்றுகூட நிற்கவில்லை. இரண்டு நாள் ரோட்டோரத்தில் தனியாக. "பொங்கலு நேரம் ரைட்டரு. எல்லாருக்கும் வூட்டுக்குப் போற அவசரம். தப்பு சொல்லமாட்டேன்," என்றார். பின்னால் நிற்கிற வண்டியைப் பார்க்காமல் அவர் வண்டி எடுக்காததன் காரணம் எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அதற்குப் பிறகு நாலாம் பாகம், ஐந்தாம் பாகம் என்று அவர் கேட்டதெல்லாம் அந்த வண்டிக்காரன் எங்காவது வந்து சேர்கிறானா என்பதற்காகத்தான். தளபதிகள் வந்தார்கள், செத்தார்கள். சுபேதார் கண்டுகொள்ளவில்லை.

ஏழாம் பாகத்தில் படை உறைந்த ஆற்றைக் கடக்கும் கட்டம். கூட்டம் சேர்ந்துவிட்டது. முன்னாலும் பின்னாலும் நின்ற ஏழு வண்டிகளின் டிரைவர்களும் சுபேதாரும் ஒரு ஸ்பீக்கரைச் சுற்றி ரோட்டோரம் குந்திக்கொண்டார்கள். முன்னால் வரிசை நகர்ந்தது. ஒருத்தரும் பார்க்கவில்லை. வேறு யார்டு வண்டிகள் அந்த இடைவெளியில் வரிசையாக நுழைந்தன. எட்டுப் பெட்டிகளையும் விட்டுவிட்டுக் கப்பல் போய்விட்டது.

சூபர்வைசர் மூச்சிரைக்க ஓடி வந்தார். "ஏன்யா வண்டிய நகத்தல? என்னய்யா பண்ணிட்டு இருந்தீங்க?"

சுபேதார் எழுந்து நின்று பதில் சொன்னார். "ஆறு பாதிதான் ஒறஞ்சிருந்துது சார். வண்டி வெயிட்டுக்குத் தாங்காது."

மற்ற ஏழு பேரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். மூன்று நாள் யார்டுக்குள் வரக் கூடாது என்று தண்டனை. மூன்று நாளும் எட்டுப் பேரும் காசிமேட்டில் ஒரு படகு நிழலில் உட்கார்ந்து எட்டாம் பாகத்தைக் கேட்டு முடித்ததாகத் தகவல் வந்தது.

ஒன்பதாம் பாகம் வந்த சமயத்தில் அவருக்குக் காது கேட்பது குறைந்திருந்தது. முப்பது வருஷமாக ஜன்னல் ஓரமாக இருந்து எல்லா ஹாரனையும் வாங்கிக்கொண்ட வலது காது எப்போதோ போய்விட்டது. இப்போது இடது காதும் போய்க்கொண்டிருக்கிறது, ஒரு வருஷம் ஓடலாம், ஓடாமலும் போகலாம் என்றார் டாக்டர். மிஷின் வைத்தால் சத்தம் கேட்கும், வார்த்தை பிரியாது என்றும் சொல்லிவிட்டார். சுபேதார் மறுநாளே வண்டிச் சாவியைக் கொண்டுவந்து யார்டில் கொடுத்துவிட்டார். பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்தால் கேட்காத டிரைவர் வண்டி ஓட்டக் கூடாதாம்.

இன்னொரு டாக்டரைப் பார்க்கலாம் என்றேன். அவர் கவலை வேறாக இருந்தது.

"காது பூட்டா பூட்டும் ரைட்டரு. அந்த வண்டிக்காரன் இன்னா ஆனான்னு கேட்டுகினு அப்பால பூட்டும்."

ஆனால் பத்தாம் பாகம் வரவில்லை. 'விரைவில்' என்று ஆப்பில் போட்டிருந்தது. மாதக்கணக்கில் அதே 'விரைவில்'. அவருக்கு இருக்கிற காது ஒரு காது, அதுவும் வாரத்துக்கு வாரம் மங்குகிறது. பொறுக்க முடியாமல் நான் தேடி அலைந்து, அந்தச் சரித்திரத்தின் இங்கிலீஷ் மூலத்தைப் பழைய புத்தகக் கடையில் பிடித்தேன். செங்கல் கனம். ஞாயிற்றுக்கிழமைதோறும் கொருக்குப்பேட்டைக்கு வந்து, மிச்சத்தைத் தமிழில் சொல்லிச் சொல்லிப் படிப்பதாக வாக்குக் கொடுத்தேன்.

கொடுத்த பிறகுதான் மின்சார ரயிலில் உட்கார்ந்து கடைசிவரை புரட்டிப் பார்த்தேன். வண்டிக்காரன் இல்லை. கடைசிப் பக்கங்களில் இருந்த அகரவரிசைப் பட்டியலில் தளபதியின் தொப்பிக்குத் தனி இடம் இருந்தது. 'கழுதைகள்' என்று தேடினால் 'போக்குவரத்து பார்க்க' என்றது. 'போக்குவரத்து' என்று பார்த்தால் சக்கரம் உடைந்த அந்தப் பழைய பக்கத்துக்கே அனுப்பியது. அவ்வளவுதான். அவனை ஆசிரியரும் கணவாயிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்.

இதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. வாராவாரம் போய்ப் படித்தேன். என் வாசிப்பைப் பற்றியும் கருத்துக்கள் வந்தன. "இன்னா ரைட்டரு, ஸ்லிப்பு படிக்கிற மாதிரி படிக்கிற? அது இன்னா பெட்டி நம்பரா?" என்றார். இன்னொரு நாள், "நடுவுல மூச்சு வுடு. நீ மூச்சு வுட்டாதான் நானு வுட முடியும்," என்றார்.

அவர் வீட்டுக்குப் பின்னால் கூட்ஸ் யார்டு. ரயில் போகும்போது படையும் நிற்கும். ரயில் போன பிறகு படையும் கிளம்பும். ஒவ்வொரு வாரமும் இடது காதுக்கு இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார வேண்டியிருந்தது, இன்னும் கொஞ்சம் கத்த வேண்டியிருந்தது. பன்னிரண்டாம் பாகத்தில் என் குரல் தெருவுக்கே கேட்டது. ஜன்னலுக்கு வெளியே துணி தேய்க்கிறவர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, "சார், அந்தக் கோட்டைக்காரன் கதவத் தொறந்தானா இல்லியா?" என்று விசாரித்தார்.

கடைசி ஞாயிறு. படை ஊர் திரும்பியது, மேளம் கொட்டினார்கள், புத்தகம் முடிந்தது. சுபேதார் கண்ணை மூடியபடி காத்துக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு பொறுமை. அதைப் பார்த்துக்கொண்டு என்னால் புத்தகத்தை மூட முடியவில்லை. கடைசியில் இருந்த வெற்றுத்தாளைத் திருப்பிவைத்துக்கொண்டு மேலே படித்தேன்.

"படை போய்ச் சேர்ந்து இருபது நாளுக்குப் பிறகு, சாயங்காலம் நாலு மணி இருக்கும், ஊர் எல்லையில் ஒரு வண்டி வந்தது. ஒரு சக்கரம் மட்டும் புதுசு. வண்டிக்காரன் இறங்கினான். கழுதையை அவிழ்த்துவிட்டான். ஊர்க்காரர்கள் அதற்கு ஒரு கூடை ஊறவைத்த கொள்ளும் ஒரு கட்டி வெல்லமும் கொடுத்தார்கள்."

கூட்ஸ் வண்டி ஒன்று போயிற்று. நீளமான வண்டி. அது போய் முடிந்தது. சுபேதார் கண்ணைத் திறந்தார்.

"அந்தப் பனி ஊர்ல கொள்ளு வெளையுதா ரைட்டரு?"

நான் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"முழு புக்குலியும் கய்தைக்கு ஒரு பிடி புல்லு போடாத மன்சன், கடைசில வெல்லம் குட்த்தானாக்கும்?"

"அது வந்துண்ணா..."

"இன்னொரு தபா படி," என்றார். "இந்த தபா கொள்ளு கொஞ்சம் ஜாஸ்தியா போடு. ரொம்ப தூரம் வந்துகீது."

படித்தேன். அந்த வருஷம் முழுக்கப் பலமுறை படித்தேன். சக்கரம் செய்து கொடுத்த தச்சன் ஒருவன் பிறகு வந்து சேர்ந்தான். கணவாயில் அவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய ஒரு கிழவியும் வந்தாள். வெற்றுத்தாளில் இடம் நிறைய இருந்தது.

இப்போது சுபேதாருக்கு எதுவும் கேட்பதில்லை. நான் இன்னும் போகிறேன். பழக்க தோஷத்தில் இடது பக்கமே உட்கார்ந்து படிக்கிறேன். அவர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பார். கொள்ளு வருகிற இடத்தில் சரியாகத் தலையாட்டுவார்.

கிளம்பும்போது தெருமுனை வரைக்கும் வந்து, என் பைக்கின் பின் டயரை ஒருமுறை காலால் உதைத்துப் பார்த்துவிட்டு, நான் கண்ணுக்கு மறைகிற வரைக்கும் நிற்பார். போனில் பேச வழியில்லாததால் வீட்டுக்குப் போனதும் நான் அவருக்கு மெசேஜ் எழுத வேண்டும். எழுதுகிறேன்: 'வண்டி வந்து சேர்ந்தது.'

அடுத்த நிமிஷமே பதில் வரும்: 'கய்தைக்கு இன்னா குட்த்தாங்க?'

மூன்று தோசை, தக்காளிச் சட்னி என்று அனுப்புகிறேன். இந்த ஊரில் என்னை அப்படிக் கேட்க அவர் ஒருவர்தான் இருக்கிறார்.