அபிஜான் சொல்தாவின் வலக்கை

எங்கள் உறுவையாறு ஊரில் அபிஜான் சொல்தாவின் உள்ளங்கைக்குத் தப்பிய ஜீவன் கிடையாது. கறவை மாடு, மொபெட், பம்ப்செட், என் மாமியார், எல்லாரும் அதன் எதிரே இருந்தவர்கள்தான்.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்தவர்களை எங்கள் பக்கம் சொல்தா என்போம். இவர் பட்டாளம் முடிந்து, ஆப்பிரிக்காவில் அபிஜான் நகரத்தில் வேலை பார்த்தார். அங்கே ஜப்பான்காரர்களின் புது மதம் ஒன்று பரவியிருந்ததாம். உள்ளங்கையை ஒரு சாண் தள்ளிப் பிடித்தால் ஒளி பாய்ந்து நோய் தீருமாம். அந்த ஊர் ஜனங்களோடு உட்கார்ந்து கற்றுக்கொண்டு வந்து இறங்கினார்.

எங்கள் ஜனம் சும்மா இருக்குமா? எலுமிச்சம்பழமும் வேப்பிலையுமாக வந்துவிட்டார்கள். ஒருத்தி அவர் உள்ளங்கையிலேயே கற்பூரம் ஏற்றப் பார்த்தாள்.

"இன்னாமே பண்றே? இது ஜப்பான் வெளிச்சம். நெருப்பு வாணாம்!"

"தொடாம, ஊதாம, இன்னா வைத்தியம் சொல்தா இது?"

காணிக்கைக் கோழியையும் வாங்க மாட்டார். அதனாலேயே பாதிப் பேருக்கு நம்பிக்கை போயிற்று.

ஒருநாள் பம்ப்செட்டுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தார். "பெல்ட்டு அறுந்துகீது சொல்தா" என்றார் மெக்கானிக்.

"நீ பெல்ட்ட மாட்டுபா. அது மனசு ஒடைஞ்சிருக்கு, நான் தேத்தறேன்."

நானும் விழுந்து விழுந்து சிரித்தவள்தான். ஆனால் என் முதல் பிள்ளை பிறந்த அன்றே போய்விட்டது. இரண்டாவதுக்கு வலி கண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியபோது, இதுவும் தங்காதோ என்று உயிர் பதறியது. சொல்தா கூடவே வந்தார்.

"பயப்படாத பொண்ணு. நான் வெளிய கைய காட்டினு நிக்கறேன்."

நின்றார். பிரசவ அறைச் சுவருக்கு வெளியே, உச்சி வெயிலில், கையை நீட்டியபடி.

"யோவ், செவுத்துக்கு இன்னாய்யா ஆசீர்வாதம்? போய்யா!" என்று நர்ஸ் விரட்டினாள். கொஞ்ச நேரத்தில் என்னிடம் வந்து தலையில் அடித்துக்கொண்டாள். "ஒங்க மாமா இப்ப பின்னாடி செவுத்தாண்ட நிக்கறாரும்மா!"

சாயங்காலம் என் மகள் வீறிட்டு அழுதாள். அதற்குப் பிறகும் சொல்தா கையை இறக்கவில்லை. இறக்க முடியவில்லை, தோள் பிடித்துக்கொண்டது! நீட்டிய கையோடு ரோட்டோரம் நடந்து போக, வந்த பஸ்ஸெல்லாம் நின்று நின்று போனதாம்.

என் வீட்டுக்காரர்தான் விளக்கெண்ணெய் தேய்த்துவிட்டார். "மாமா, ஒங்க எடது கைய அதுக்குக் காட்டிக்க வேண்டியதுதான?"

"காட்டாம இருப்பனா? கேக்க மாட்டேங்குதுபா."

ஒளி வந்ததா என்று கேட்டால், சத்தியமாக எனக்குத் தெரியாது. ஆனால் அன்றைக்கு ஒவ்வொரு வலிக்கும் நான் அந்தப் பின்பக்கச் சுவரைப் பார்த்துத்தான் திரும்பிப் படுத்தேன்.