முதலாளிக்கு ஒபரேஷன்

மனிதர்களில் 'அந்தக் காசுக்கு' என்றோர் இனம் உண்டு. உங்களுக்கும் தெரிந்திருக்கும். நீங்கள் கதிரை வாங்கினாலும் சரி, மகளுக்குக் கண்ணாடி மாற்றினாலும் சரி, பொறுமையாக விலையைக் கேட்டு, உதட்டை மடித்து, கூரையை ஒரு தடவை பார்த்துவிட்டு, "அந்தக் காசுக்கு..." என்று ஆரம்பிப்பார்கள். அடுத்தவர் பணத்தை இவர்களைப்போல நல்ல காரியங்களுக்குச் செலவழிப்பவர் யாருமில்லை.

பிலிமத்தலாவையில் குளியலறைச் சாமான் கடை வைத்திருக்கும் அரூஸ் ஹாஜியார் இந்த இனத்தின் அசல் வார்ப்பு. உலகத்துச் செலவையெல்லாம் அவர் பாத்ரூம் கணக்கில்தான் அளப்பார். பக்கத்து வீட்டு ராஜலிங்கம் தன் நாயின் முழங்காலுக்கு ஒரு லட்சத்து நாற்பதாயிரம் செலவில் ஒபரேஷன் செய்து கொண்டுவந்தபோது, ஹாஜியார் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"அந்தக் காசுக்கு ஒரு ஏழைக் குடும்பத்துக்கு பாத்ரூம் கட்டிக் குடுத்தீக்கலாமே, ராஜலிங்கம்?"

"குடுக்கலாம் மொதலாளி. நீங்க இதுவரைக்கும் எத்தன கட்டிக் குடுத்தீங்க?"

"நான் பொதுவாச் செல்றேன்."

பொதுவாகச் சொல்வதுதான் இந்த இனத்தின் முழுநேர வேலை.

அதே மதிலில் ஒரு மஞ்சள் பூனை இருந்தது. அது ஹாஜியாருடைய பூனை இல்லை. அவரே பலமுறை சொல்லியிருக்கிறார்: "சும்மா வாற பூன." ஆறு வருடமாகச் சும்மா வந்தது. மாலையில் அவருடைய கார் திரும்பும்போது மதிலிலிருந்து சும்மா குதித்தது, அவருடைய சாய்கதிரையில் சும்மா படுத்தது, அவருடைய சோற்றுக் கோப்பையிலிருந்து சும்மா நழுவி விழுந்த பாரை மீனின் நடுத்துண்டைச் சும்மா தின்றது.

சென்ற மாதம் ஒரு திரீவீலர் அதன் பின்னங்காலில் ஏறிவிட்டது.

ஹாஜியார் கடையில் இருந்தார். மகள் இல்மா போனில் அழுத அழுகையில் எழுந்து, கவுண்டரில் இருந்த செல்லச்சாமியிடம், "ஆஸ்பத்திரிக்குப் போறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் புறப்பட்டார். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்ல வெட்கம்.

மிருக வைத்தியர் கிருஷாந்தி எக்ஸ்ரேயைத் தூக்கிக் காட்டினார். "தொடை எலும்பு முறிஞ்சிருக்கு. பிளேட் வச்சா தொண்ணூறாயிரம் வரும். காலை எடுத்தா அதுல பாதி. ரெண்டும் வேணாம்னா வலி தெரியாம ஊசி போடலாம். யோசிச்சுச் சொல்லுங்க."

தொண்ணூறாயிரம். ஹாஜியாரின் கண்முன்னே டைல்ஸ், பேசின், சூடுதண்ணீர் ஷவர் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. மேசையில் கிடந்த பூனை அவரைப் பார்த்து வாயைத் திறந்தது. சத்தம் வரவில்லை.

"மூணு காலோட மதில் ஏறுமா டொக்டர்?"

"கஷ்டம். வயசாகிட்டு. வீட்டுக்குள்ள வச்சுப் பாத்துக்கலாம்."

"அதெப்படி? இது சும்மா வாற பூன. மதில் ஏறாட்டி எப்படிச் சும்மா வாற?" ஹாஜியார் தொண்டையைச் செருமினார். "பிளேட் வைங்க."

அந்த நியாயத்தில் ஓட்டை இருந்தால் நீங்களே கண்டுபிடியுங்கள். டொக்டர் தேடவில்லை. படிவத்தை நீட்டினார்.

"சும்மா வாற பூனைக்கு ஒபரேஷன் செய்ய ஏலாது. சொந்தக்காரர் கையெழுத்து வேணும். பூனை பேர் என்ன?"

"பேரெல்லாம் இல்ல."

"பேர் இரிக்கி," என்றாள் கூட வந்திருந்த இல்மா. "வாப்பா அத 'மொதலாளி' எண்டுதான் கூப்புடுற."

படிவத்தில் அப்படியே எழுதப்பட்டது. தொடர்புக்கு, பழக்கதோஷத்தில், கடை நம்பரைக் கொடுத்தார்.

மறுநாள் காலை ஹாஜியார் வீட்டிலிருந்து நேரே வங்கிக்குப் போயிருந்த நேரம், ஆஸ்பத்திரியிலிருந்து கடைக்கு போன் வந்தது. செல்லச்சாமி எடுத்தார்.

"மொதலாளிக்கு ஒபரேஷன் முடிஞ்சுது. கண் முழிச்சிட்டார். ஆனா ஒருத்தரையும் கிட்ட எடுக்கிறார் இல்ல. சும்மா சும்மா சீறுறார்."

"அது ஒபரேஷனுக்கு முந்தியே அப்படித்தாங்க," என்றார் செல்லச்சாமி, உருக்கமாக.

மத்தியானத்துக்குள் கடுகண்ணாவை வரை செய்தி போய்விட்டது. மாலையில் தோடம்பழமும் திராட்சையுமாக வீட்டுக்கு வந்தவர்களுக்கு ஹாஜியாரே கதவைத் திறந்தார். யாருக்கு ஒபரேஷன் என்பதைப் பதினோரு தடவை விளக்கவேண்டியிருந்தது. கடைசியாக வந்தவர் ராஜலிங்கம். கையில் ஒரு டின் மீன்.

"எவ்வளவு மொதலாளி ஆச்சு?"

ஹாஜியார் சொன்னார். ராஜலிங்கம் உதட்டை மடித்தார். கூரையை ஒரு தடவை பார்த்தார். "அந்தக் காசுக்கு..." என்றார். அவ்வளவுதான். மீன் டின்னை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

ஹாஜியார் திருந்தினாரா? அதெப்படித் திருந்துவார்? போன வாரம் மச்சான் அஷ்பாக் புதுப் போன் ஒன்றைக் காட்டினார். பூனை பிளேட் வைத்த காலை நீட்டி மடியில் கிடக்க, ஹாஜியார் விலையைக் கேட்டார். "அந்தக் காசுக்கு ரெண்டு பூனைக்குக் கால் போடலாம்," என்றார்.

நீங்கள் இதையெல்லாம் வாசித்துச் சிரித்திருப்பீர்கள். நல்லது. ஆனால் தொண்ணூறாயிரம் என்ற இடத்தில் ஒரு கணம் நின்று, உங்கள் வீட்டில் அதற்கு என்னென்ன செய்யலாம் என்று மனதுக்குள் ஓடவிட்டீர்களே, அதை நான் பார்க்கவில்லை என்றா நினைக்கிறீர்கள்?